வின்டர் ரெட்டா, ரெட் ஸ்பிரைட்டா, இல்லை சோக்பெரியே போதுமா?

அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் டிசம்பரில் தோட்டம் மொட்டையாகக் கிடக்கும்போது, இலையே இல்லாத குச்சிகளில் சிவப்புச் சிவப்பாகப் பழம் அப்பிக்கொண்டு நிற்கும் புதர்தான் வின்டர்பெரி. ஹாலி வகைதான், ஆனால் கிறிஸ்துமஸ் அட்டையில் வருகிற முள் இலை ஹாலி இல்லை. இது இலையை உதிர்த்துவிடும், அதனால்தான் பழம் அவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது. அந்த மண்ணுக்கே உரிய செடி, சதுப்பு ஓரங்களில் தானாகவே வளரும்.

நர்சரியில் அதிகம் கண்ணில் படுவது இரண்டு ரகம். வின்டர் ரெட் 8 அடி வரை உயர்ந்து, கிட்டத்தட்ட அதே அளவுக்குப் பரவும். பழமும் அடர்த்தி, பறவைகள் விட்டுவைத்தால் பிப்ரவரி வரைகூட நிற்கும். ரெட் ஸ்பிரைட் 3, 4 அடிதான், பழம் கொஞ்சம் பெரிசு, ஜன்னலை மறைக்காது. இடம் இருந்தால் நான் யோசிக்காமல் வின்டர் ரெட்தான் சொல்வேன், பனி விழுந்த நாளில் தெருவிலிருந்து பார்க்கும்போது குட்டைச் செடி பாதி புதைந்துதான் இருக்கும்.

ஆனால் உயரத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நம்ம ஊர்ப் பப்பாளி மாதிரி இதிலும் ஆண் செடி தனி, பெண் செடி தனி. அதிலும் ஏதாவது ஓர் ஆண் செடி போதும் என்று வாங்கிவிட முடியாது, இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். மேலே சொன்ன இரண்டும் பெண் ரகம். சீக்கிரம் பூக்கும் ரெட் ஸ்பிரைட்டுக்கு ஜிம் டேண்டி என்கிற ஆண் ரகம், தாமதமாகப் பூக்கும் வின்டர் ரெட்டுக்கு சதர்ன் ஜென்டில்மேன் என்கிற ஆண் ரகம். ஜோடி மாறினால் செடி நன்றாக வளரும், பழம் மட்டும் பேருக்குத்தான் இருக்கும். ஓர் ஆண் செடி ஐந்தாறு பெண் செடிகளுக்குத் தாங்கும், 50 அடிக்குள் இருந்தால் சரி. அது பழம் தராது என்பதால் கண்ணில் படாத மூலையில் வைத்துவிடலாம்.

சரி, ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் என்றால்? அப்போது சிவப்பு சோக்பெரி. இதுவும் அங்கத்திய செடிதான், ஆண் பெண் தொல்லை கிடையாது, தனியாகவே காய்க்கும். இலையுதிர் காலத்தில் வின்டர்பெரி இலை சுமாரான மஞ்சளாகி விழுந்துவிடும், சோக்பெரி இலையோ தீப்பிடித்த மாதிரி சிவக்கும். பழம் துவர்ப்பு, ஆனாலும் ஜாம் போடலாம். வின்டர்பெரி பழத்தைச் சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கிவிடும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கவனம்.

மண்ணும் பார்க்க வேண்டும். வின்டர்பெரிக்கு அமில மண்ணும் ஈரமும் வேண்டும், சுண்ணாம்பு மண்ணில் இலை வெளுத்துப்போகும். மழைத் தண்ணீர் தேங்குகிற இடம் இருந்தால் அங்கேயே வைக்கலாம், அதற்குக் கொண்டாட்டம்தான். சோக்பெரி கொஞ்சம் காய்ந்த இடத்தையும் பொறுத்துக்கொள்ளும், ஆனால் வேரிலிருந்து பக்கக் கன்று விட்டுக்கொண்டே போகும், வருஷா வருஷம் வெட்ட வேண்டியிருக்கும். அப்புறம், நடுக்குளிருக்குள் அதன் பழம் சுருங்க ஆரம்பித்துவிடும். ஜனவரியில் சிவப்பு வேண்டும் என்பவர்கள் இரண்டு செடிக்கு இடம் பண்ணிக்கொண்டு வின்டர்பெரியே வைப்பது நல்லது.