ஏரி ஜிலேபி: முழுசாக வறுப்பதா, சதையைச் சீவி எடுத்து வறுப்பதா?

மீன் கடையில் ஜிலேபியை எடை போட்டு முடித்ததும் "முழுசாவா, துண்டாவா?" என்று கேட்பது பழைய வழக்கம். இப்போது "ஃபில்லெட் போடட்டுமா?", அதாவது முள்ளில்லாமல் சதையை மட்டும் சீவித் தரட்டுமா என்பதும் கூடவே வருகிறது. முள் பயம் உள்ளவர்கள் உடனே தலையாட்டிவிடுகிறார்கள். அதற்குமுன் மீன் என்ன எடை, எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்ற இரண்டையும் பார்த்தால் பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

முதலில் எடை. ஜிலேபிக்குத் தலை பெரிது, வயிற்றறை பெரிது. ஒரு கிலோ மீனில் தோல் நீக்கிய சதை 300 முதல் 350 கிராம்தான் தேறும். செதில், குடல், செவுள் மட்டும் எடுத்து முழுசாக வைத்தால் 850 கிராம் அளவுக்கு நிற்கும். 250 கிராம் மீனில் சதை சீவினால் பக்கத்துக்கு 40 கிராம். எண்ணெயில் போட்டதும் அதுவும் சுருங்கி அப்பளத் துண்டு மாதிரி ஆகிவிடும். 1952-ல் இந்தியாவுக்குள் வந்து ஏரி, குளமெல்லாம் பரவிய கறுப்பு ஜிலேபி பெரும்பாலும் இந்த அளவில்தான் கிடைக்கிறது. அதை முழுசாக வறுப்பதே சரி. பண்ணையில் வளர்க்கும், கிஃப்ட் திலாப்பியா எனப்படும் ஜிலேபி வகை அரைக் கிலோவைத் தாண்டி வரும். அதன் தோள் பக்கம் தடிமன் அதிகம். முழுசாகப் போட்டால் மசாலா கருகும் நேரத்திலும் நடுமுள் அருகே பச்சையாக இருக்கும். அரைக் கிலோவுக்கு மேல் போனால் சதை எடுங்கள். இடைப்பட்ட எடைக்கு இரண்டும் ஒத்துவரும். அங்கே தண்ணீர்தான் முடிவு செய்யும்.

சேற்று வாடை பற்றிப் பலர் மீனைக் குறை சொல்கிறார்கள். காரணம் தண்ணீரில் இருக்கிறது. நீலப்பச்சைப் பாசி பெருகிய குளத்தில் ஜியோஸ்மின் என்ற பொருள் உண்டாகி, செவுள் வழியாக மீனுக்குள் போய்க் கொழுப்பில் தங்குகிறது. தோலுக்கு அடியிலும், பக்கவாட்டில் ஓடும் சிவப்புச் சதையிலும், வயிற்றுக் கொழுப்பிலும் அது அதிகம். கோடையில் நீர் வற்றிய ஏரி மீனில் வாடை தூக்கலாக இருப்பது இதனால்தான். அப்படிப்பட்ட மீன் என்றால், தோலையும் சிவப்புச் சதையையும் சேர்த்து எடுத்துவிடும் ஃபில்லெட்டுக்கே என் ஓட்டு. ஓடும் ஆற்று மீனுக்கும் ஆழமான அணை மீனுக்கும் அந்தத் தொல்லை குறைவு. ஒகேனக்கல்லில் தலையும் வாலுமாக மசாலா பூசி வறுத்துக் கொடுக்கும் மீன் ருசிப்பதில் தோலுக்குப் பெரிய பங்கு உண்டு.

முழு மீனைச் சுத்தம் செய்வதில் தவறக்கூடாத இடங்கள் மூன்று. முதுகுத் துடுப்பில் ஊசி போன்ற முட்கள் வரிசையாக நிற்கும். செதில் சுரண்டுவதற்கு முன்பே கத்தரிக்கோலால் அவற்றை வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கை கிழியும். அடுத்து பித்தப்பை. குடலை இழுக்கும்போது அது உடைந்து பச்சை நீர் பட்டால் அந்த இடம் முழுக்கக் கசக்கும். உடனே உப்புத் தேய்த்துக் கழுவுங்கள், நிறம் மாறிய சதையைச் சீவி எறிந்துவிடுங்கள். மூன்றாவது, கடைக்காரர் பெரும்பாலும் விட்டுவிடுவது: வயிற்றின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வு. கல்லுப்பு போட்டுக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் தோல் மாதிரி உரிந்து வரும். நடுமுள்ளை ஒட்டி உறைந்திருக்கும் ரத்தத்தையும் நகத்தால் கீறி எடுக்க வேண்டும். பிறகு புளித்தண்ணீரிலோ மோரிலோ பத்து நிமிடம். புளிப்பு ஜியோஸ்மினைச் சிதைக்கும் என்பதால் இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை.

கீறல் போடுவதிலும் கணக்கு உண்டு. தோள் முதல் நடு உடல் வரை, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில், முள்ளைக் கத்தி தொடும் ஆழத்துக்குப் பக்கத்துக்கு மூன்று சாய்வுக் கீறல். வால் பக்கம் கீற வேண்டாம். அங்கே சதை மெல்லியது, திருப்பும்போது ஒடியும்.

சுத்தம் செய்த ஒரு கிலோவுக்கு மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி (பாதி காஷ்மீரி), மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒன்றரை மேசைக்கரண்டி, அரிசி மாவு 1 மேசைக்கரண்டி. மீனைத் துணியால் ஒற்றி, வயிற்றுக்குள்ளும் துடைத்துவிட்டுத்தான் மசாலா. வயிற்றில் தேங்கிய நீர்தான் எண்ணெயில் வெடித்துக் கையைச் சுடும். முக்கால் மணி நேரம் ஊறட்டும்.

வறுக்கும்போது தோசைக்கல்லின் நடுவில், சூடு அதிகமான இடத்தில், தலைப்பக்கம் இருக்கட்டும், வால் ஓரத்தில். முதல் நிமிடம் தீ சற்றுக் கூடுதலாக, பிறகு மிதமாக ஐந்தாறு நிமிடம். ஒரே ஒரு முறை திருப்பி இன்னும் ஐந்து நிமிடம். அவசரப்பட்டுத் திருப்பினால் தோல் கல்லோடு நின்றுவிடும். பொன்னிறம் பிடித்ததும் மீன் தானே கல்லை விடும். தோள் கீறலை முள்கரண்டியால் விரித்துப் பாருங்கள்: சதை வெள்ளையாகி முள்ளைவிட்டு விலகினால் வெந்தது, கண்ணாடி மாதிரித் தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம்.

ஃபில்லெட்டுக்கு அரிவாள்மனை உதவாது. வளைந்து கொடுக்கும் மெல்லிய கத்தி வேண்டும். தோலை உரிக்கப்போவதால் செதில் எடுக்கும் வேலை மிச்சம். பக்கத் துடுப்புக்குப் பின்னால் நடுமுள் வரை வெட்டி, முதுகோரமாகக் கத்தியை முள்மேல் உரசிக்கொண்டே வால் வரை கொண்டுபோய், விலா முட்களின் மேலாகச் சதையைப் பிரிக்க வேண்டும். தோல் கீழே இருக்க வால் நுனியைப் பிடித்துக்கொண்டு, கத்தியைப் படுக்கவைத்துத் தள்ளினால் தோல் தனியாகும். தலைப்பக்கம் நடுக்கோட்டில் விரலால் தடவினால் சிறு முள் வரிசை தட்டுப்படும். அதை மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி எடுத்துவிட்டால் முள் கிடையாது. ரோகு, கட்லா போன்ற கெண்டை வகைகளில் இதைச் செய்யாதீர்கள்; சதைக்குள்ளேயே கவட்டை முட்கள் புதைந்திருக்கும், ஃபில்லெட் என்ற பெயர்தான் மிஞ்சும்.

தட்டில் வைத்துப் பார்த்தால் முதுகுச் சதை தடிப்பாகவும் வயிற்றுச் சதை மெல்லிதாகவும் இருக்கும். நடுக்கோட்டில் இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாகப் போடுங்கள். சேர்த்துப் போட்டால் தடித்த பாதி வேகும்முன் மற்றது காய்ந்து நார் நாராகிவிடும். 350 கிராமுக்கு மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, உப்பு அரை முதல் முக்கால் தேக்கரண்டி, அரிசி மாவு 2 தேக்கரண்டி போதும். எலுமிச்சையை மசாலாவில் சேர்க்க வேண்டாம். சதை வெளிறிக் குழைந்து, திருப்பும்போது உதிரும். வறுத்த பிறகு மேலே பிழியுங்கள். ஊறலும் கால் மணி நேரம்தான். அதற்கு மேல் வைத்தால் உப்பு நீரை இழுத்து, மசாலா வழுக்கிக் கல்லில் தங்கிவிடும். நன்றாகக் காய்ந்த எண்ணெயில் முதல் பக்கம் இரண்டரை நிமிடம், மறுபக்கம் ஒன்றரை. முட்டையில் தோய்த்து ரவையிலோ ரொட்டித்தூளிலோ புரட்டுவது இதற்குத்தான் பொருந்தும். கீறல் போட்ட முழு மீனில் அது திட்டுத் திட்டாக உதிரும்.

குழந்தைகள் சாப்பிட வேண்டும் என்றால் எடைக் கணக்கெல்லாம் பார்க்காமல் ஃபில்லெட்டே போடலாம். மிஞ்சும் தலையும் நடுமுள்ளும் அன்றைக்கே குழம்புக்குப் போகட்டும், செவுளை மட்டும் மறக்காமல் பிடுங்கிவிடுங்கள். மறுநாளுக்கு வைப்பதாக இருந்தால் முழு மீன்: எண்ணெய் விடாமல், மூடிபோடாமல் சிறுதீயில் சூடாக்கினால் தோல் மறுபடி மொறுமொறுப்பாகும். ஃபில்லெட்டை அப்படிச் சூடாக்கினால் ரப்பர்தான். அதை உதிர்த்து முட்டைப் பொரியலில் கலந்துவிடுங்கள்.