திருத்தணியில் வாங்கிய ஆடுபுலிப் பலகை

நகரியிலிருந்து திருத்தணி மலைக்குப் போனபோது, இந்த ஆடுபுலி ஆட்டப் பலகையை அடிவாரக் கடையொன்றில் 650 ரூபாய்க்கு வாங்கினோம். தேக்கு என்றார் கடைக்காரர். எனக்கு அது வேப்பமரமாகத்தான் தெரிகிறது. போகட்டும், கோடுகளை ஆழமாகச் செதுக்கியிருக்கிறார்கள். 23 புள்ளிகளும் சரியான இடத்தில் இருக்கின்றன.

குறை காய்களில்தான். மூன்று புலியும் பித்தளை, நல்ல கனம். பதினைந்து ஆடும் தக்கை மாதிரி. மின்விசிறியைப் போட்டால் மந்தையே மேய்ச்சலுக்குக் கிளம்பிவிடும். எங்கள் வீட்டில் இப்போது புளியங்கொட்டைதான் ஆடு.

கூடவே வரும் சிறு புத்தகம் பாதி நன்று. நேபாளத்து ‘பாக் சால்’ ஆட்டத்தை இதோடு ஒப்பிட்ட பக்கம் பிரமாதம்: அங்கே 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. கோயில் மண்டபத் தரைகளில் இத்தகைய கட்டங்கள் செதுக்கப்பட்டிருப்பதையும் சொல்கிறது. ஆனால் ஆட்டத்துக்கு 5000 வயது என்று ஆதாரமே காட்டாமல் அடித்துவிட்டிருக்கிறார்கள். கல்லில் கோடு இருந்தால் கோயிலின் வயதே கோட்டுக்கும் என்று ஆகிவிடுமா? பின்னால் வந்த எவரோ பொழுதுபோகாமல் கீறியிருக்கலாம்.

விதிகளில், எல்லா ஆடும் பலகையில் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது என்பதை விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு அவ்வா அந்த விதிகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். முதல் ஆடுகளை மூலையில் வை, அங்கே புலி தாண்ட அப்பால் புள்ளி இல்லை என்று என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

பலகைக்காக வாங்கலாம். காய்களுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.