காய்ச்சல் பார்க்கத் துப்பாக்கியா, குச்சியா?

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தெர்மாமீட்டர் வாங்குவதே பெற்றவர்களின் மனம் சற்று அமைதியடைய வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் இந்தக் கருவிகளுக்கு எழுதப்படும் மதிப்புரைகளைப் படித்தால், எத்தனை நொடியில் அளவு காட்டுகிறது, திரை எவ்வளவு பெரியது, பேட்டரி எத்தனை மாதம் வருகிறது என்பவையே பேசப்பட்டிருக்கும். நள்ளிரவில் அதைக் கையில் எடுப்பவரின் பதற்றத்தை அது கூட்டுகிறதா, குறைக்கிறதா என்று எவரும் எழுதுவதில்லை. எங்கள் வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். மழைக்காலம் முழுவதும் சளியும் காய்ச்சலும் அவளை விட்டபாடில்லை. நெற்றிக்கு நேராகக் காட்டும் துப்பாக்கி வடிவக் கருவி, அக்குளில் வைக்கும் டிஜிட்டல் குச்சி ஆகிய இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்தியதில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: ஒரு நொடியில் அளவு சொல்லும் கருவி பயந்த மனத்துக்கு ஆகாது. நிறுவனங்களின் பெயரை நான் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகுறைகள் அந்தந்த வகைக்கே உரியவை.

முதலில் துப்பாக்கி. கொரோனா காலத்தில் கடை வாசலிலும் அலுவலக வாசலிலும் காவலாளியின் கையில் பார்த்துப் பழகிய அதே கருவிதான். ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினோம். நெற்றித் தோலிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி, அதிலிருந்து உடலின் உள்வெப்பம் இவ்வளவு இருக்கும் என்று கணக்குப்போட்டுக் காட்டுகிறது. ஆகவே அது அளப்பது உண்மையில் தோலின் வெப்பத்தைத்தான். தோலோ சுற்றியுள்ள எல்லாவற்றுக்கும் ஆட்படுவது. மின்விசிறிக்கு நேரே படுத்திருந்தால் ஓர் அளவு, வியர்த்திருந்தால் வேறோர் அளவு, வெயிலிலிருந்து வந்தவுடன் பார்த்தால் இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். நெற்றியைத் துடைத்து, முடியை ஒதுக்கி, குழந்தையும் கருவியும் ஒரே அறையில் சிறிது நேரம் இருந்த பிறகு, குறிப்பிட்ட தூரத்தில் நிறுத்தி அளக்க வேண்டும் என்று கையேட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். இத்தனையும் செய்தால் ஒரு நொடி என்ற பெருமை எங்கே நிற்கிறது?

பக்கவாட்டில் உள்ள ஒரு பொத்தானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை அழுத்தினால் கருவி உடலை அளக்கும் நிலையிலிருந்து பொருள்களை அளக்கும் நிலைக்கு மாறிவிடும். குளிக்கும் வெந்நீர், பால் புட்டி ஆகியவற்றின் சூட்டைப் பார்ப்பதற்காக வைத்திருக்கிறார்களாம். எங்கள் பெண் அதை விளையாட்டுச் சாமானாக எண்ணி அழுத்தியிருக்கிறாள். அன்று மாலை அத்தை அளந்தபோது திரையில் 94 என்று வந்தது. “உடம்பு சில்லிட்டுப் போச்சேம்மா, டாக்டருக்குப் போன் போடு” என்று அத்தை பதறியபோது குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். நிலை மாறியிருப்பதைக் காட்டும் குறியீடு திரையின் மூலையில் எறும்பளவில் இருக்கிறது. கண்ணாடி போடாத எவருக்கும் அது தெரியாது.

இன்னொரு தொல்லை நிறம். அளவு இயல்பாக இருந்தால் திரை பச்சையாகவும், சற்று ஏறினால் ஆரஞ்சாகவும், மேலும் ஏறினால் சிவப்பாகவும் ஒளிர்கிறது; சிவப்போடு எச்சரிக்கை ஒலியும் சேர்ந்துகொள்கிறது. விளக்கணைத்த அறையில் அந்தச் சிவப்பு வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விழும்போது, அதைப் பார்க்கும் தாய்க்கு நிதானம் எங்கிருந்து வரும்? நூற்று இரண்டு டிகிரி காய்ச்சலோடு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கும் குழந்தைக்கும், அதே நூற்று இரண்டோடு கண் திறக்காமல் கிடக்கும் குழந்தைக்கும் கருவி ஒரே சிவப்பைத்தான் காட்டும்.

தூங்கும் குழந்தையை எழுப்பாமல் பார்க்கலாம் என்பதுதான் இந்த வகையின் பெரிய சிறப்பு. அந்தச் சிறப்பே வினையாகவும் முடிகிறது. எழுப்ப வேண்டியதில்லை, தொட வேண்டியதில்லை, செலவில்லை என்றால் கை சும்மா இருப்பதில்லை. 100.2 வருகிறது; நம்பிக்கை வராமல் மறுபடி பார்த்தால் 99.6, எது சரி என்று மூன்றாவது முறை பார்த்தால் 100.9. அந்த அரை நிமிடத்தில் குழந்தையின் உடம்பில் ஒன்றும் மாறவில்லை. கருவி நெற்றியின் வேறோர் இடத்தைப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் மூன்றில் எது மிக அதிகமோ அதையே மனம் பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்குப் பழைய அளவுகளை எல்லாம் கருவி நினைவில் வைத்திருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தபடி விடியும்வரை உட்கார்ந்திருக்கலாம்.

பெற்றோரின் இந்த மனநிலை புதிதன்று. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் பார்ட்டன் ஷ்மிட் 1980இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதற்குக் ‘காய்ச்சல் அச்சம்’ என்று பெயரே வைத்தார். மிதமான காய்ச்சல்கூட மூளையைக் கெடுத்துவிடும் என்று பெற்றோர் பலர் நம்பியதை அவர் கண்டார். காய்ச்சல் என்பது கிருமியை எதிர்ப்பதற்காக மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் தானே உயர்த்திக்கொள்ளும் வெப்பநிலை. சாதாரணத் தொற்றுகளில் அது கட்டுமீறி ஏறிக்கொண்டே போவதில்லை. காய்ச்சலில் வரும் வலிப்பும் அப்படித்தான். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு அது வருகிறது. பார்ப்பதற்குக் குலைநடுங்க வைத்தாலும் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும், மூளைக்குக் கேடு செய்வதில்லை. அந்த நேரத்தில் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், மணியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐ அழைக்க வேண்டும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயன் எதுவும் இல்லை. மணிக்கொரு முறை காய்ச்சல் பார்ப்பதாலோ, பாரசிட்டமாலை முன்கூட்டியே கொடுப்பதாலோ வலிப்பைத் தடுக்க முடியாது என்பதையும் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

இனிக் குச்சி. துப்பாக்கியோடு ஒத்துப்போகவில்லை என்று மெடிக்கலில் போய் நின்றபோது, “நெத்தியில காட்டுறதா, கக்கத்துல வைக்கிறதா, எது வேணும்க்கா?” என்று கேட்ட பையன், நான் இரண்டாவதைச் சொன்னதும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து தூசு படிந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தான். விலை இருநூறு ரூபாய்ச் சொச்சம். வெள்ளைப் பிளாஸ்டிக் உடல், நுனியில் சிறிய உலோகக் குமிழ், வளையும் கழுத்து, ஒரே ஒரு பொத்தான். நிறம் மாறும் திரையெல்லாம் கிடையாது. கடைசியாகப் பார்த்த ஓர் அளவை மட்டும் நினைவில் வைத்திருந்து, அடுத்த முறை பொத்தானை அழுத்தும்போது ஒரு கணம் காட்டிவிட்டு மறந்துவிடுகிறது. எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

இதைச் சரியாக வைப்பதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். குழந்தையை மடியில் உட்கார வைத்து, அக்குளில் வியர்வையைத் துடைத்து, உலோக முனை அக்குளின் நடுவில் படும்படி வைத்து, சட்டைத் துணி இடையில் மாட்டாமல் பார்த்துக்கொண்டு, அவள் கையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொள்ள வேண்டும். துள்ளும் பிள்ளையானால் முதல் முயற்சி வீணாகும். ஒரு நிமிடத்தை ஒட்டிப் பீப் ஒலி கேட்கும். ஆனால் வெப்பம் ஏறும் வேகம் குறைந்துவிட்டது என்பதற்கான அடையாளம்தான் அது. அக்குளில் வைக்கும்போது ஒலி வந்த பிறகும் சற்று நேரம் விட்டுவைத்தால் அளவு ஒன்றிரண்டு புள்ளி ஏறி நிலைப்பதைக் காணலாம். அக்குளில் வரும் அளவு உடலின் உள்வெப்பத்தைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாக இருக்கும். நாமாக ஒன்றைக் கூட்டிச் சொல்லாமல், “அக்குளில் வைத்துப் பார்த்தேன், நூறு இருந்தது” என்று மருத்துவரிடம் உள்ளபடி சொல்வதே நல்லது.

இந்த ஒன்றிரண்டு நிமிடக் காத்திருப்பைக் குறை என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அதை இக்கருவியின் தலையாய நிறை என்பேன். அந்த நேரம் முழுவதும் குழந்தை நம் மேல் சாய்ந்திருக்கிறாள். திரை அவள் கைக்கு அடியில் மறைந்திருப்பதால் நாம் பார்ப்பதற்கு அவளைத் தவிர வேறொன்றும் இல்லை. உதடு காய்ந்திருக்கிறதா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறாளா, அழும்போது கண்ணீர் வருகிறதா, கை கால் குளிர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரிகிறது. அமைதியாக இருந்தால் மூச்சையும் எண்ணிவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி, ஒரு நிமிடத்தில் மூச்சின் எண்ணிக்கை ஒரு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு 40ஐயும், இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50ஐயும் எட்டினால் அது வேகமூச்சு. இருமலோடு அது இருந்தால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். காய்ச்சல் அளவைவிட இந்த எண் பல வேளைகளில் மருத்துவருக்கு அதிகம் சொல்லும். ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் 1868இல் வெளியிட்ட பெரும் ஆய்வில் மனித உடலின் இயல்பு வெப்பத்தை நிறுவியபோது, அவருடைய தெர்மாமீட்டர் ஓரடி நீளம் இருந்ததாகவும், அதை அக்குளில் கால் மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டியிருந்ததாகவும் சொல்வார்கள். அவ்வளவு பொறுமை நமக்குத் தேவையில்லை. ஆனால் ஒரு நொடி அவசரமும் வேண்டாம்.

எண்ணுக்கு மதிப்பே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று மாதம் நிரம்பாத சிசுவுக்கு 100.4, அதாவது 38 டிகிரி செல்சியஸ் வந்துவிட்டால், குழந்தை எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், இரவோ பகலோ, உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த வயதில் அளவு துல்லியமாகத் தெரிவது அவசியம் என்பதால் துப்பாக்கியை மட்டும் நம்பக் கூடாது. மாறாக, எண் இறங்குவதே ஏமாற்றும் நோயும் நம்மூரில் உண்டு. டெங்குவில் காய்ச்சல் தணியும் நேரம்தான், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், ஆபத்தான கட்டம். திரை பச்சையாகிவிட்டது என்று மூச்சுவிடும் வேளையில் குழந்தைக்கு விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், குளிர்ந்த கைகால், சிறுநீர் குறைதல், அளவுமீறிய சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. மழைக்காலத்தில் தொலைபேசியில் விசாரிக்கும் உறவினர் அனைவரும் “எத்தனை இருக்கு?” என்றே கேட்கிறார்கள், “ஒண்ணுக்குப் போனாளா, பால் குடிச்சாளா?” என்று கேட்டது எங்கள் ஆச்சி ஒருவர்தான்.

குச்சிக்கும் குறைகள் உண்டு. அதன் பொத்தான் பேட்டரி குழந்தையின் கைக்கு எட்டவே கூடாத பொருள். விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே புண்ணாக்கக்கூடியது. என்னுடைய கருவியில் பேட்டரி மூடி நகத்தால் தள்ளினாலே கழன்று வருகிறது. திருகு போட்ட மூடியுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் கருவியை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். வாங்கும்போதே அளவு ஃபாரன்ஹீட்டில் வருகிறதா, செல்சியசில் வருகிறதா என்று பார்த்துக்கொள்வதும் நல்லது, 38.5 என்று வந்தால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது காய்ச்சலாகவே தோன்றாது. பழைய பாதரசத் தெர்மாமீட்டர் இன்னும் வீட்டில் இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். உடைந்தால் பாதரசம் தரையெங்கும் உருண்டோடும்.

இரண்டு வயதுக்கு மேற்பட்ட, அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தையுள்ள வீட்டுக்குக் குச்சியே போதும். துப்பாக்கி ஏற்கெனவே இருந்தால், தூங்கும் பிள்ளையை ஒரு தடவை பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளலாம். அதுவும் மின்விசிறியை நிறுத்தி, நெற்றியைத் துடைத்து, ஒரே ஒரு முறை. இரண்டாவது முறை பார்க்கத் தோன்றினால் குச்சியை எடுங்கள். எனக்கு இரவில் பத்து நிமிடத்துக்கொரு முறை பார்க்கும் பழக்கம் நின்றதற்கு, அலுப்புத் தரும் இந்தக் கருவியும், “மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் போதும், நடுவில் குழந்தையைப் பாருங்கள்” என்ற எங்கள் மருத்துவரின் சொல்லும்தான் காரணம்.

துப்பாக்கிக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம், குச்சிக்கு நான்கு. குச்சிக்கு ஒன்றைக் குறைத்தது அந்தப் பேட்டரி மூடிக்காகவும், குழந்தை அழும்போது காதில் விழாத அளவுக்கு மெலிந்த அதன் பீப் ஒலிக்காகவும்.