குளிர்கால சைட்டில் மின்சார ஹீட்டர்: பல சீசன் ஓட்டிய பிறகு

டொராண்டோ வட்டாரத்தில் கட்டிக்கொண்டிருக்கும் நடுத்தர உயரக் கட்டடங்களில், 600 வோல்ட் மூன்று ஃபேஸில் ஓடும் 30 கிலோவாட் ஃபேன் ஹீட்டர்களைப் பல குளிர்காலமாகப் பயன்படுத்திய அனுபவம் இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சுவர் எழுந்து, ஜன்னல் திறப்புகளை மறைத்தாகிவிட்ட கட்டடத்தில், லைன் கரண்டும் இருந்தால், ப்ரொப்பேன் வாயு ஹீட்டருக்குத் திரும்ப வேண்டியதில்லை. திறந்த தளத்துக்கும் ஜெனரேட்டரை மட்டும் நம்பியிருக்கும் சைட்டுக்கும் இது ஒத்துவராது.

நேரடியாக எரியும் ப்ரொப்பேன் ஹீட்டரின் புகை முழுவதும் ஆட்கள் வேலை செய்யும் இடத்திலேயே தங்குகிறது. குளிர் வராமலிருக்க டார்ப்பை இறுக்கிக் கட்டக் கட்ட, எரிவதற்கான ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு ஏறும். இறுக்காமல் விட்டாலோ சூடு நிற்காது. தலைவலியும் குமட்டலும் வந்தால் ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். உயிர் போவது அப்படித்தான். மின்சார ஹீட்டரில் இந்த இழுபறியே கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் மூடலாம். அதற்காக மோனாக்சைடு அலாரத்தைக் கழற்றிவிடாதீர்கள். பெட்ரோலில் ஓடும் கான்கிரீட் கட்டரும், தளத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் ட்ரவல் மெஷினும் அதே மூடிய இடத்தில்தான் ஓடப்போகின்றன.

அடுத்த லாபம் ஈரம். ஒரு கிலோ ப்ரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். 1,50,000 பிடியு (மணிக்கு இத்தனை என்று சூட்டை அளக்கும் அலகு, சுமார் 44 கிலோவாட்) ஹீட்டர் ஒன்று மணிக்கு மூன்று கிலோவுக்கு மேல் எரிக்கும். நாள் முழுக்க ஓடினால் ஏறத்தாழ 125 லிட்டர் தண்ணீரைக் காற்றில் கலக்கிறது. அது குளிர்ந்த ஜன்னல் சட்டத்திலும் சுவருக்குள் நிற்கும் இரும்பு ஸ்டட்டிலும் வியர்த்து வழியும், டிரைவால் (ஜிப்சம் சுவர்ப் பலகை) ஜாயின்ட் காயாது. மின்சார ஹீட்டர் ஒரு சொட்டு ஈரமும் சேர்ப்பதில்லை. ஆனால் கட்டடத்தில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தை அது எடுத்துவிடாது. மட்டிங் (டிரைவால் ஜாயின்ட்டில் பூச்சு பூசுவது), பெயின்ட் நடக்கும் வாரங்களில் டிஹியூமிடிஃபையரைக் கூடவே வையுங்கள்.

புதிதாகப் போட்ட தளத்திலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ப்ரொப்பேன் புகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, ஈரக் கான்கிரீட்டின் மேல்தோலில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து அதைப் பலவீனமாக்கும். பிற்பாடு விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டும், கூட்டக் கூட்டத் தூசி வந்துகொண்டே இருக்கும். மின்சாரத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வறண்ட சூடான காற்றைத் தளத்தின் மேல் நேராக அடித்தால் மேற்பரப்பு சட்டென்று உலர்ந்து வெடிப்பு விடும். காற்றின் திசையைத் திருப்பிவிட்டு, தளத்தைப் பாலிதீனோ க்யூரிங் போர்வையோ போட்டு மூட வேண்டும்.

எத்தனை கிலோவாட் வேண்டும்? பழைய ப்ரொப்பேன் ஹீட்டரின் பிடியுவை அப்படியே கிலோவாட்டாக மாற்றாதீர்கள். புகையை வெளியேற்றத் திறந்து வைக்கும் வழிகளிலேயே அதன் சூட்டில் பெரும்பங்கு போய்விடும். 10 மீட்டருக்கு 12 மீட்டர், 3 மீட்டர் உயரம் என்று ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். வெளியே மைனஸ் 10, உள்ளே பிளஸ் 10. மணிக்கு ஆறு முறை காற்று மாறினால் அதற்கே 14 கிலோவாட் போகும். ஓரங்களை டேப் போட்டு அடைத்து இரண்டு முறையாகக் குறைத்தால் 5 கிலோவாட்டுக்குள் முடியும். ஒற்றைப் பாலிதீன் போட்ட 40 சதுர மீட்டர் ஜன்னல் திறப்பு இன்னொரு 5 கிலோவாட் தின்னும். ஹீட்டரைக் கூட்டுவதைவிட டேப்புக்கும் ஜிப் கதவுக்கும் செலவழிப்பதுதான் மலிவு.

பலரும் கணக்கில் விடுவது கான்கிரீட்டையே. இதே பகுதியின் 20 சென்டிமீட்டர் தளம் சுமார் 58 டன். அதை ஒரு டிகிரி ஏற்றவே 14 யூனிட் வேண்டும், பத்து டிகிரிக்கு 140 யூனிட்டைத் தாண்டும். மேல்தளமும் சுவரும் தனி. அதனால்தான் காற்று சூடாகிவிட்டது, தரை மட்டும் ஜில்லென்று இருக்கிறது என்ற புகார் வருகிறது. வேலைக்கு ஒரு நாள் முன்னதாகவே ஓடவிடுங்கள். டிரைவாலுக்கு 48 மணி நேரம் முன்பிருந்து, ஜாயின்ட் முழுக்கக் காயும்வரை 10 டிகிரிக்குக் குறையக் கூடாது. மிச்சம் பிடிப்பதாக இரவில் அணைத்தால் காலையில் மறுபடி தொடக்கத்திலிருந்துதான்.

உண்மையான தலைவலி ஹீட்டரில் இல்லை, கரண்டில் இருக்கிறது. 600 வோல்ட்டில் 30 கிலோவாட்டுக்கு 29 ஆம்ப். தொடர்ந்து ஓடும் லோடு என்பதால் 40 ஆம்ப் பிரேக்கர். அதே 30 கிலோவாட் 208 வோல்ட்டில் 83 ஆம்ப் இழுக்கும், கேபிளின் கனமும் விலையும் வேறு ரகம். 240 வோல்ட் ஹீட்டரைத் தவறாக 208-இல் மாட்டினால் எரியாது, கெடாது, முக்கால்வாசி சூடுதான் தரும். ஹீட்டர் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்படுவதில் இந்தக் கேஸும் உண்டு, பெயர்ப்பலகையைப் பாருங்கள். நான்கு ஹீட்டர் என்றால் 115 ஆம்ப். தற்காலிக சர்வீஸை இலையுதிர் காலத்திலேயே அதற்கேற்ற அளவில் கேட்டு வாங்க வேண்டும். டிசம்பரில் கேட்டால் குளிர் காத்திருக்காது.

சிறிய 1500 வாட் ஹீட்டர்களை அங்கங்கே செருகிச் சமாளிப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வழி. 120 வோல்ட்டில் ஒன்றுக்கு 12.5 ஆம்ப், 15 ஆம்ப் சர்க்யூட் அதோடு நிறைந்துவிடும். 14 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய வயர் கனமாகும்), 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரில் மட்டும் 80 வாட் அளவுக்குச் சூடாக வீணாகும். அந்த வயர் சுருளாகவே கிடந்தால் உருகிப் பற்றிக்கொள்ளலாம். வேறு வழியில்லை என்றால் 12 கேஜ் வயரை முழுக்கப் பிரித்துப் போட்டு, ஜிஎஃப்சிஐ (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சாதனம்) வழியாக மட்டும் கொடுங்கள்.

பெரிய ஹீட்டர்களில் அடிக்கடி வரும் கோளாறு ஹை லிமிட் ட்ரிப், அதாவது அளவுக்கு மீறிச் சூடானதும் ஹீட்டர் தானே அணைந்துவிடுவது. டிரைவால் தூசியும் இன்சுலேஷன் நாரும் உறிஞ்சும் பக்கத்து வலையை அடைத்துவிடும். சாண்டிங் நடக்கும் நாட்களில் தினமும் துடைக்க வேண்டும். ஃப்ளெக்ஸ் டக்ட் மடங்கி நசுங்கினாலும் இதேதான். சிவப்பு பட்டனை ரீசெட் செய்துகொண்டே இருப்பது தீர்வல்ல, காற்று எங்கே தடைபடுகிறது என்று தேடுங்கள். காற்று பலவீனமாக, தலைகீழாக வந்தால் ஃபேன் மோட்டாரின் ஃபேஸ் வரிசை மாறியிருக்கிறது. பேனலை நிறுத்திவிட்டு, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் இரண்டு வயரை மாற்றினால் போதும்.

அணைக்கும்போது ப்ளக்கைப் பிடுங்குவது கெட்ட பழக்கம். தெர்மோஸ்டாட்டைக் குறைத்து, ஃபேன் எலிமென்ட்டைக் குளிரவைத்த பிறகுதான் டிஸ்கனெக்ட்டைத் தொட வேண்டும். தெர்மோஸ்டாட்டை ஹீட்டருக்குப் பக்கத்தில் தொங்கவிடாமல், அறையின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். கான்கிரீட்டின் வெப்பத்தையும் மூலையிலும் ஓரத்திலும் அளக்க வேண்டும், முதலில் உறைவது அங்கேதான். புதுக் கான்கிரீட்டைக் குளிரிலிருந்து காக்கும் காலம் முடிந்ததும் மைனஸ் குளிரில் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் மேற்பரப்பு வெடிக்கும். 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த தடிமனுக்கு 24 மணி நேரத்தில் 28 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது.

ஜெனரேட்டர் விஷயம் எளிது. டீசலில் இருக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் கரண்டாக வரும். லைன் இல்லாத சைட்டுக்கு, புகையைத் தனிக் குழாயில் வெளியே விடும் மறைமுக டீசல் ஹீட்டரை வெளியே நிறுத்தி, சுத்தமான சூட்டை டக்டில் உள்ளே விடுவதே சரி.

சீசன் முடிந்ததும் காற்றடித்துத் தூசியை நீக்கி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். எலிமென்ட்டுக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும். கோடையில் திறந்த கன்டெய்னரில் கிடந்த ஹீட்டர் முதல் நாளே எர்த் லீக்கேஜில் ட்ரிப் ஆகும். செப்டம்பரில் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்து, டெர்மினல் ஸ்க்ரூக்களை முறுக்கி, ப்ளக் முனை கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.