ராமநாதபுரத்தில் தொடர் கருச்சிதைவுக்கான சனிக்கிழமை ஆலோசனை மையம்: ஒரு மதிப்பீடு

மதுரையிலிருந்து வரும் மகப்பேறு மருத்துவர் ஒருவர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் ராமநாதபுரம் நகரில் நடத்தும் தொடர் கருச்சிதைவு ஆலோசனை மையத்தைப் பற்றி எழுதுகிறேன். மண்டபத்தை ஒட்டிய கடலோரக் கிராமம் எங்களுடையது. அண்ணன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர் என்பதால், கரு தங்காமல் அடுத்தடுத்துத் துயரப்பட்ட அண்ணிக்குத் துணையாகப் பெரும்பாலும் நான்தான் அங்கே சென்று வந்தேன். மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை பார்ப்பதால், அங்கே எழுதித் தரப்பட்ட சீட்டுகளையும் சொல்லப்பட்ட காரணங்களையும் ஓரளவு எடைபோட முடிந்தது. அண்ணியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். விளம்பரம் வேண்டாம் என்று மருத்துவர் கேட்டுக்கொண்டதால் மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பரிசோதனை வேண்டும் என்று சொல்வதைவிட எது வேண்டாம் என்று துணிந்து சொல்வதுதான் இந்த மையத்தின் பெரிய சிறப்பு. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கோளாறால் கரு தங்காமல் போகிறது என்று சொல்லி எதை வேண்டுமானாலும் விற்கக்கூடிய காலம் இது. இதற்கு முன் நாங்கள் போயிருந்த, வெளியூரில் உள்ள ஒரு சிகிச்சை நிலையத்தில், முதல் நாளிலேயே ‘இம்யூன் பேக்கேஜ்’ என்று ஒரு நீண்ட பட்டியலைக் கொடுத்தார்கள். சில தொற்றுகளைத் தேடும் டார்ச் பரிசோதனை, இரத்தத்தில் என்.கே. செல்கள் (‘இயற்கைக் கொல்லிகள்’ எனப்படும் நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை, நோய் எதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் சைட்டோகைன்களின் அளவு என்று நீண்ட அந்தப் பட்டியலின் முடிவில், அண்ணனின் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து அண்ணியின் தோலுக்குள் ஊசியாகச் செலுத்தும் சிகிச்சையும் இருந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில், வருமானம் இல்லாத நேரத்தில், அந்தத் தொகைக்காக அண்ணியின் வளையல்கள் அடகுக்குப் போயின.

ராமநாதபுரத்து மருத்துவர் அந்தப் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். டார்ச் பட்டியலில் உள்ள தொற்றுகள் ஒரு கர்ப்பத்தைப் பாதிக்கலாமே தவிர, மீண்டும் மீண்டும் கரு கலைவதற்கு அவை காரணமாவதில்லை என்பதால் அதை எடுத்துவிட்டார். கணவனின் வெள்ளணுக்களைச் செலுத்தும் சிகிச்சையைப் பற்றி அவர் சொன்னதை நான் வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். 1999-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் கர்ப்பம் வெற்றியாக அமைந்தது. அதாவது உதவவில்லை என்பது மட்டுமல்ல, கெடுதல் செய்ததோ என்ற ஐயத்துக்கும் இடமிருந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2002-ல், அனுமதி பெற்ற ஆய்வுகளுக்கு வெளியே அதைச் செய்யக் கூடாது என்று அறிவித்தது. இவ்வளவுக்குப் பிறகும் நம் ஊர்ப் பெண்களிடம் அது விற்கப்படுகிறது என்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

என்.கே. செல்களைப் பற்றி அவர் கொடுத்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. குழந்தையின் பாதி தந்தையுடையது. அப்படியிருந்தும் தாயின் உடல் அதை ஏன் அந்நியமாகக் கருதி விலக்குவதில்லை என்ற கேள்வியை பீட்டர் மெடாவர் 1953-லேயே எழுப்பினார். அதன் பிறகு நடந்த ஆய்வுகளில், கருப்பையில் உள்ள என்.கே. செல்கள் பெயருக்கு ஏற்றபடி எதையும் கொல்லும் வேலையில் இல்லை, மாறாக நஞ்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளங்கள் விரிவதற்குத் துணைநிற்கின்றன என்று தெரியவந்தது. கையிலிருந்து எடுத்த இரத்தத்தில் அவற்றை எண்ணி கருப்பையின் நிலையைச் சொல்வது, பாம்பன் கரையில் நின்று அலையைப் பார்த்து ஆழ்கடல் நீரோட்டத்தைச் சொல்வது போன்றது. அந்த எண்ணிக்கையை வைத்துக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு, இன்ட்ராலிப்பிட் என்ற கொழுப்புக் கரைசல் போன்றவற்றையும் இந்த மையத்தில் வழக்கமாகக் கொடுப்பதில்லை.

கோடு போடாமல் விடப்பட்டது ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிரணுக்கள் (ஆன்டிபாடிகள்) பற்றிய வரி ஒன்றுதான். நோய் எதிர்ப்பு மண்டலத்தோடு தொடர்புடைய காரணங்களுள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதும், சிகிச்சை உள்ளதும் இதுவே. 1983-ல் கிரகாம் ஹியூஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் விவரித்த இந்தக் கோளாறில், உடல் தன்னுடைய புரதங்களுக்கு எதிராகவே எதிரணுக்களை உண்டாக்குகிறது; அவை இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுவதோடு, நஞ்சுக்கொடி கருப்பையில் சரியாக வேரூன்றவும் விடுவதில்லை. தொடர்ந்து கரு கலையும் பெண்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரிடம் இது காணப்படுகிறது. அண்ணிக்கு ஒரு முறை பத்தாவது வாரத்தைத் தாண்டிய பிறகு ஸ்கேனில் இதயத்துடிப்பு நின்றுபோயிருந்தது தெரியவந்ததால், மருத்துவர் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார். கால் வீங்கி வலித்ததுண்டா, மூட்டு வலி, முகத்தில் தடிப்பு உண்டா, குடும்பத்தில் இளவயதில் பக்கவாதம் வந்தவர்கள் உண்டா என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் அமைப்பு ஆகியவற்றையும் பார்த்தார். தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதி குரோமோசோம் பிழையால் கலைபவை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

இரத்தம் எடுத்த விதத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். இந்த எதிரணுக்களைக் கண்டறியும் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற பரிசோதனைக்கு நீல மூடி போட்ட குழாயில், கோடு வரைக்கும் சரியாக இரத்தம் நிரம்ப வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க உள்ளே இருக்கும் சிட்ரேட் திரவத்துக்கு ஒன்பது மடங்கு இரத்தம் என்ற விகிதம் தவறினால் முடிவும் தவறிவிடும். முதல் குழாய் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றதால், ஆய்வகப் பெண் “மன்னிச்சுக்கங்க அக்கா, இது ஆகாது” என்று அதை ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் எடுத்தார். பிளாஸ்மாவை அங்கேயே பிரித்து, உறையவைத்து மதுரைக்கு அனுப்புகிறார்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி தொடங்கிய பிறகு இந்தப் பரிசோதனையை நம்ப முடியாது என்பதால், அதற்கு முன்பே எடுக்கவேண்டும் என்பதிலும் கவனமாக இருந்தார்கள். கடலோரத்தில் இந்த அளவுக்கு நுணுக்கமாகச் செய்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முதல் முடிவில், ஆன்டிபாஸ்போலிப்பிட் வகையில் ஒன்றான கார்டியோலிப்பின் எதிரணு 40 அலகைத் தாண்டியிருந்தும், மருத்துவர் உடனே நோயின் பெயரைச் சொல்லவில்லை. ஏதேனும் ஒரு தொற்றுக்குப் பிறகும் இந்த எதிரணுக்கள் தற்காலிகமாக உயர்ந்து இறங்குவதுண்டு. ஆகவே குறைந்தது 12 வார இடைவெளியில் இரண்டாவது முறையும் அதே முடிவு வந்தால்தான் உறுதி செய்ய வேண்டும் என்பது இந்தக் கோளாறை வரையறுக்க 2006-ல் வெளியான சிட்னி அளவுகோல். அந்த 12 வாரங்கள் எங்களுக்குப் பாரமாக இருந்தன. ஊரார் கேள்விகளுக்கு நடுவே, அண்ணியின் தாயார் அவரைத் திருப்புல்லாணிக்கு அழைத்துச் சென்று நாகப் பிரதிஷ்டை செய்து, பெருமாள் கோயில் பாயசத்தையும் வாங்கிக் கொடுத்தார். மருத்துவர் அதைக் குறைத்துப் பேசவில்லை. கடலில் முங்கிப் பாசி எடுத்ததால்தான் கரு கலைந்தது என்று எங்கள் வீட்டிலேயே பேச்சு இருந்தபோது, அவர் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, “பாசி எடுத்ததாலயும் இல்ல, பஸ்ல போனதாலயும் இல்ல. உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா” என்று என் அம்மாவுக்கும் கேட்கும்படி சொன்னார். கட்டணச் சீட்டில் வராத அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டாவது முடிவும் உறுதியான பின், கருத்தரிக்க முயலும்போதே 75 மில்லிகிராம் ஆஸ்பிரினும், கர்ப்பம் உறுதியானதும் நாள்தோறும் ஹெப்பாரின் வகை ஊசியும் என்று சிகிச்சை தொடங்கியது. லண்டனில் நடந்து 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 விழுக்காட்டினருக்கும், ஹெப்பாரினும் சேர்த்து எடுத்தவர்களில் 71 விழுக்காட்டினருக்கும் உயிருள்ள குழந்தை பிறந்தது. ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைவதில்லை. ஊசி போடும் முறையைச் செவிலியர் அண்ணிக்கும் எனக்கும் தனித்தனியாகச் செய்துகாட்டினார்: தொப்புளிலிருந்து விலகி வயிற்றுத் தோலை மடித்துப் பிடிக்க வேண்டும், ஊசிக்குள் தெரியும் காற்றுக் குமிழை வெளியே தள்ளக் கூடாது, போட்டபின் தேய்க்கக் கூடாது, இடவலமாக மாற்றிப் போட வேண்டும். அண்ணி இப்போது யார் துணையும் இல்லாமல் போட்டுக்கொள்கிறார். தட்டணுக்களின் எண்ணிக்கையையும் இடையிடையே சோதிக்கிறார்கள்.

கரு உண்டாகாமலே தவிப்பவர்களும் இங்கே வருகிறார்கள். அவர்களுக்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனையை மையம் வழக்கமாகச் செய்வதில்லை. கருத்தரிக்காமைக்கும் அந்த எதிரணுக்களுக்கும் தொடர்பு நிறுவப்படாததே காரணம். ஆனால் ஆண்களிடம் விந்தணுக்களுக்கு எதிரான எதிரணுக்கள் உண்டாகிக் கருத்தரிப்பைத் தடுப்பதுண்டு. கருத்தடை அறுவைக்குப் பின் விந்துக்குழாயை மீண்டும் இணைத்துக்கொண்டவர்களிடமும் விதைப்பையில் அடிபட்டவர்களிடமும் இது காணப்படும். கணவரையும் உட்காரவைத்துப் பேசுவது இங்கே நடைமுறை என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன். தைராய்டு எதிரணுக்கள் மட்டும் உயர்ந்து, சுரப்பு இயல்பாக இருந்தால் மாத்திரை தருவதில்லை. 2019-ல் வெளியான பெரிய ஆய்வில் அதனால் பயன் கிடைக்கவில்லை.

குறைகளும் உண்டு. ராமேஸ்வரம், மண்டபம் பகுதி விசைப்படகுகள் தொழிலுக்குப் போகும் நாட்களில் சனிக்கிழமையும் ஒன்று. கணவரும் வரவேண்டும் என்று சொல்லும் மையம், கடலோரக் கணவர்களால் வரமுடியாத நாளிலேயே நடப்பது பெரிய முரண். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும். நிறைமாதப் பெண்களும், அண்மையில் கருவை இழந்தவர்களும் ஒரே கூடத்தில் எதிரெதிரே காத்திருக்க வேண்டியிருக்கிறது. அண்ணி பலமுறை எழுந்துபோய் வாசற்படியில் நின்றுகொண்டதைப் பார்த்திருக்கிறேன். ஒரு திரைச்சீலையாவது போடலாம். டோக்கன் கொடுத்த நேரத்துக்கும் அழைக்கும் நேரத்துக்கும் இடைவெளி அதிகம் என்பதால், தொண்டிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் பேருந்தை எண்ணிப் பதற்றப்படுகிறார்கள். ஊசிச் செலவைப் பற்றி முன்கூட்டியே தெளிவாகச் சொல்வதில்லை. கர்ப்ப காலம் முழுவதற்கும், பிரசவத்துக்குப் பின் சில வாரங்களுக்கும் எவ்வளவு ஆகும் என்று தொடக்கத்திலேயே எழுதித் தரவேண்டும்.

போக விரும்புகிறவர்கள் பழைய ஸ்கேன் அறிக்கைகள், கரு கலைந்தபோது தந்த மருத்துவமனைச் சீட்டுகள் அனைத்தையும், எத்தனையாவது வாரத்தில் கலைந்தது என்ற குறிப்போடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். கரு தங்க வேண்டும் என்று எங்கள் கடைக்கு வந்து ஆஸ்பிரின் கேட்பவர்களிடம் நான் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்: பரிசோதித்து உறுதிசெய்யாமல் நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருமுறை மட்டும் கரு கலைந்தவர்களுக்கு இந்த மையம் பெரும்பாலும் தேவைப்படாது. பிரசவத்தை இங்கே பார்ப்பதில்லை. 2022-ல் தொடங்கிய ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு விவரமான கடிதம் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தக் கடிதத்தின் நகலைக் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் கொடுத்து, ஊசியின் பெயரையும் அளவையும் தாய்சேய் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் திடீரென்று வலி வந்து வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டுதான் முதுகில் மயக்க ஊசி போடுவதைப் பற்றி முடிவெடுப்பார்கள்.