ஊட்டி ட்ரிப்புல கைகுடுத்த ஓ.ஆர்.எஸ் பவுடர்: பெரிய பாக்கெட்டா சின்ன பாக்கெட்டா?

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். குழந்தைங்கள கூட்டிட்டு லீவுக்கு எங்க கிளம்பினாலும் சரி, ஊட்டியோ கொடைக்கானலோ ராமேஸ்வரமோ, ஸ்வெட்டர் எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி ஓ.ஆர்.எஸ் பவுடர, அதாவது வாந்தி பேதியில உடம்பு இழக்கிற தண்ணியையும் உப்பையும் திருப்பி குடுக்கிற உப்பு சர்க்கரை பவுடர, எடுத்து பையில போட்டுடுங்க. டெட்ரா பேக்ல ஸ்ட்ரா ஒட்டி ஜூஸ் மாதிரி வருதே அது இல்ல, தண்ணியில கரைக்கிற பவுடர். ஒரு லிட்டர் தண்ணிக்குன்னு வர்ற எலக்ட்ரால் 21.8 கிராம் பாக்கெட்டுக்கு நான் குடுக்கிறது அஞ்சுக்கு நாலு. 200 மில்லிக்குன்னு நாலு கிராம் சொச்சத்துல வர்ற சின்ன பாக்கெட்டுக்கு அஞ்சுக்கு அஞ்சு. ஏன் இந்த ஒரு மார்க் வித்தியாசம்னு விவரமா எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், சின்ன குழந்தை வச்சிருக்கவங்க பொறுமையா படிங்க.

நாங்க திருப்பூர். 2025 மே லீவு, பையனுக்கு ஆறு வயசு, பாப்பாவுக்கு மூணு, கூட எங்க அத்தையும் வந்தாங்க. கல்லாறுல இருந்து குன்னூர் ஏறற வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு, அந்த ரோட்டுல குழந்தைங்க வாந்தி எடுக்கிறது வழக்கம்தான், பாப்பாவும் பர்லியாறு கிட்ட எடுத்தா. ஆனா வளைவுல வர்ற வாந்திக்கும் வயித்துல ஏதோ ஆகி வர்ற வாந்திக்கும் வித்தியாசம் இருக்குங்க. வளைவு வாந்தின்னா வண்டிய ஓரங்கட்டி கொஞ்சம் காத்து வாங்கினா சரியாயிடும், அரை மணி நேரத்துல பசிக்குதுன்னு கேப்பாங்க. இவ ரூமுக்கு போய் படுத்தும் வாந்தி நிக்கல, சாயங்காலம் தண்ணியா மோஷன் ஆரம்பிச்சிடுச்சு, உடம்பு லேசா சுட்டுச்சு. சீசன்ல மேல ஏற குன்னூர் ரோடு, கீழ இறங்க கோத்தகிரி ரோடுன்னு ஒருவழி பண்ணி வச்சிருப்பாங்க, நினைச்ச உடனே வண்டிய திருப்பிட்டு ஊருக்கு வர்றதெல்லாம் நடக்காது. அதனால அந்த ராத்திரிய அங்கயே சமாளிச்சாகணும்.

கையில இருந்த பவுடர் பத்தாம போயிடக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருந்த ஒரு மெடிக்கலுக்கு ஓடினாரு. ஓ.ஆர்.எஸ் குடுங்கன்னு கேட்டதுக்கு அவங்க குடுத்தது ஆப்பிள் சுவையில ஒரு டெட்ரா பேக், "இதான் சார் ஓ.ஆர்.எஸ், குழந்தைங்க இதான் குடிப்பாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பெரிய எழுத்துல ஓ.ஆர்.எஸ்னுதான் போட்டிருந்துச்சு. திருப்பி பாத்தா பொடி எழுத்துல சர்க்கரை அளவு. உலக சுகாதார நிறுவனம் (டபிள்யூ.ஹெச்.ஓ) சொல்ற கணக்குல ஒரு லிட்டர் தண்ணிக்கு குளுக்கோஸ் 13.5 கிராம்தான் இருக்கணும், இதுல அத விட பல மடங்கு. வயித்துப்போக்கு இருக்கிற குழந்தைக்கு அவ்வளவு சர்க்கரை உள்ள போனா, உப்பு போட்ட மாங்காய் தண்ணி விடற மாதிரி உடம்புல இருக்கிற தண்ணிய குடலுக்குள்ள இழுத்து மோஷன இன்னும் ஜாஸ்தியாக்கிடும். நல்லது பண்றோம்னு நினைச்சு குடுத்து குழந்தைய இன்னும் வாட வைக்கிற வேலை அது. ஊர்ல இருந்து நான் எடுத்துட்டு வந்திருந்த பவுடர்தான் அன்னைக்கு காப்பாத்துச்சு.

இந்த டெட்ரா பேக் விஷயத்துல ஹைதராபாத்ல இருக்கிற குழந்தைகள் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷமா போராடிட்டு இருந்தாங்க. கடைசில 2025 அக்டோபர்ல எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையம்), ஓ.ஆர்.எஸ்ங்கற பேர இந்த மாதிரி பானங்க மேல எந்த விதத்துலயும் போடக்கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. அந்த செய்திய படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, எத்தனை அம்மாக்கள் அத நம்பி வாங்கி குடுத்திருப்பாங்க. இப்பவும் கடையில பேர மாத்தி வேற அட்டையில பக்கத்துலயே அடுக்கி வச்சிருந்தா நமக்கு தெரியாது, அதனால கடைக்காரர் வார்த்தைய மட்டும் நம்பாதீங்க, பாக்கெட்ல டபிள்யூ.ஹெச்.ஓ ஃபார்முலான்னு இருக்கான்னு பாருங்க. பின்னாடி நாலு சரக்கு இருக்கணும்: சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9, டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்தான் அது) 13.5. இது ஒரு லிட்டர் கணக்கு, சின்ன பாக்கெட்ல இதுல அஞ்சுல ஒரு பங்கு இருக்கும்.

இந்த அளவு சும்மா வச்சது இல்லைங்க. குடல் எவ்வளவு கெட்டுப் போயிருந்தாலும் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தா உள்ள விடும், அதுங்க பின்னாடியே தண்ணியும் போயிடும், எடையில இல்ல, மூலக்கூறு எண்ணிக்கையில ரெண்டும் சமமா இருக்கிற மாதிரிதான் இத செஞ்சிருக்காங்க. 1971 பங்களாதேஷ் போர் சமயத்துல மேற்கு வங்காளம் போன்காவ்ன் அகதி முகாம்ல காலரா வந்து சனங்க கொத்து கொத்தா செத்துட்டு இருந்தப்ப, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்து போய், இந்த உப்பு சர்க்கரை கரைசல ட்ரம்ல கலக்கி குடுத்துதான் ஆயிரக்கணக்கான உயிர காப்பாத்தினாரு. 2023ல அவருக்கு பத்ம விபூஷண் குடுத்தாங்க, ஆனா அவரு முந்தின வருஷமே தவறிட்டாரு. முப்பது ரூபாய்க்குள்ள வர்ற ஒரு பாக்கெட்டுக்கு பின்னாடி இவ்வளவு பெரிய மனுஷன் இருக்காருன்னு நம்ம பிள்ளைங்களுக்கு யாரும் சொல்றதில்ல.

சரி பெரிய பாக்கெட்டுக்கு ஏன் ஒரு மார்க் குறைச்சேன்னா, பவுடர்ல குறை இல்ல, தண்ணியிலதான் சிக்கல். 21.8 கிராம் பாக்கெட்ட முழுசா ஒரு லிட்டர்ல கொட்டணும், அதுல மாத்தமே கிடையாது. வீட்ல இருந்தா அளவு பாத்திரம் இருக்கும், வெளியூர்ல ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில் வாங்கி அதுலயே கலக்கிடலாம். ஆனா நீலகிரியில பிளாஸ்டிக் வாட்டர் பாட்டிலுக்கு தடை, ரோட்டோரம் வாட்டர் ஏ.டி.எம்தான், நம்ம ஸ்டீல் பாட்டில்ல பிடிச்சிக்கணும். நல்ல சட்டம், அத குறை சொல்லல. ஆனா என் ஸ்டீல் பாட்டில் 750 மில்லி, ரூம்ல இருந்த ஜக்குல கோடே இல்ல. கண் மதிப்புல கலக்கி தண்ணி குறைஞ்சிடுச்சுன்னா உப்பு ஏறிடும், சின்ன குழந்தைக்கு அது ஆபத்து, தண்ணி கூடிப்போனா பிரயோஜனம் இல்ல. பாதி பாக்கெட் இப்ப பாதி அப்புறம்னு பிரிச்சும் போடக்கூடாது, பவுடர்ல எல்லாம் சமமா கலந்திருக்கும்னு சொல்ல முடியாது. கையில நாலஞ்சு சின்ன பாக்கெட் இருந்ததால தப்பிச்சேன். பாப்பாவோட பழைய பால் பாட்டில் சைடுல மில்லி கோடு போட்டிருக்கும் இல்ல, அதுல 200 வரைக்கும் தண்ணி ஊத்தி சின்ன பாக்கெட் ஒண்ண வெட்டி போட்டு குலுக்கினா வேலை முடிஞ்சுது. கலக்கினத 24 மணி நேரத்துக்கு மேல வைக்கக்கூடாதுங்கறதால ஒரு லிட்டர் கலக்கி முக்காவாசிய கீழ கொட்டறதும் இதுல மிச்சம்.

தண்ணிய கொதிக்க வச்சு ஆற வச்சிட்டுத்தான் பவுடர் போடணும், போட்டப்புறம் சூடு பண்ணவே கூடாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்க தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சிடும், அதனால 2,000 மீட்டருக்கு மேல இருக்கிற ஊர்ல தளதளன்னு கொதி வந்தப்புறம் மூணு நிமிஷமாவது விடணும்.

இப்ப குடுக்கிற முறை. இங்கதான் நிறைய பேர் "ஓ.ஆர்.எஸ் குடுத்தேன், அப்படியே வாந்தி எடுத்துட்டான், இது வேலைக்கு ஆகாது"ன்னு விட்டுடறாங்க. தாகத்துல இருக்கிற குழந்தை டம்ளர பாத்தா மடக் மடக்னு குடிச்சிடும், குடிச்ச வேகத்துல வெளிய வந்துடும். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் சும்மா விட்டுட்டு அப்புறம் 5 மில்லி ஸ்பூன், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். பாப்பா கைய நீட்டி பாட்டில கேட்டு அழுதா, குடுக்கல. போன்ல டைமர் வச்சு ஒரு ஸ்பூன், உதட்ட தொடச்சு விட்டு மறுபடி ஒரு ஸ்பூன், கணக்கு பாருங்க, ரெண்டு நிமிஷத்துக்கு 5 மில்லின்னா ஒரு மணி நேரத்துல 150 மில்லி உள்ள போயிருக்கு, அதுவும் ஒரு சொட்டு வெளிய வராம. கைதான் வலிக்கும், நானும் அவரும் மாத்தி மாத்தி குடுத்தோம். வாந்தி நின்னப்புறம் ஒவ்வொரு மோஷனுக்கும் ரெண்டு வயசுக்கு கீழன்னா 50ல இருந்து 100 மில்லி, அதுக்கு மேலன்னா 100ல இருந்து 200 மில்லி.

அத்தை பாவம் பயந்துட்டாங்க. "குடுக்க குடுக்கத்தானே மோஷன் போகுது கண்ணு, கொஞ்ச நேரம் நிறுத்திப் பாரு"ன்னாங்க. எங்க ஊர்ல பெரியவங்க எல்லாரும் சொல்றதுதான் இது. "இல்லீங்க அத்தை, போறத நிறுத்த இது இல்ல, போன தண்ணிய திருப்பி உள்ள வைக்கத்தான்"னு சொன்னேன். அப்புறம் அவங்களே ஸ்பூன வாங்கிட்டு "சாமி, ஆ காட்டு"ன்னு விடியற வரைக்கும் உக்காந்து குடுத்தாங்க. அவங்க இல்லைன்னா அந்த ராத்திரி எங்களால முடிஞ்சிருக்காது.

டேஸ்ட் பத்தி சொல்லணும்ல. ஆரஞ்சுன்னு போட்டிருந்தாலும் உப்பும் இனிப்புமா ஒரு மாதிரிதான் இருக்கும், பையனுக்கு சுத்தமா பிடிக்காது. அதுக்காக சர்க்கரையோ ஜூஸோ பாலோ சோடாவோ கலந்துடாதீங்க, கணக்கே கெட்டுடும். கொஞ்சம் குளுகுளுன்னு வச்சு குடுத்தா ஓரளவு இறங்குது. பாப்பா குடிச்சத பாத்தா அவளுக்கு அந்த உப்பு தேவைப்பட்டுச்சுன்னு தோணுது, உடம்பு தேறின அப்புறம் அதே பாட்டில தள்ளி விட்டுட்டா.

இதோட ஜிங்க் சிரப் கட்டாயம் வாங்குங்க. எங்க குழந்தைகள் டாக்டர்கிட்ட போன் பண்ணப்ப அவரு முதல்ல கேட்டதே எடை எவ்வளவு, கடைசியா யூரின் எப்ப போனான்னுதான். ரெண்டு பேர் எடையும் போன்ல குறிச்சு வச்சிருந்தது நல்லதா போச்சு. ஆறு மாசத்துக்கு மேல இருக்கிற குழந்தைக்கு தினம் 20 மில்லிகிராம், அதுக்கு கீழன்னா 10, பத்துல இருந்து 14 நாள் வரைக்கும். மோஷன் நின்னுடுச்சேன்னு பாதியில நிறுத்தக்கூடாது, அடுத்து சீக்கிரம் வராம இருக்கறதுக்கும் அதுதான் உதவுதாம். சிரப் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவுல வரும், எத்தனை மில்லின்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. பெரியவங்க போடற மோஷன் நிக்கிற மாத்திரைய பாதி உடைச்சு குடுக்கிறத நான் நேர்லயே பாத்திருக்கேன், தயவு செஞ்சு வேண்டாம். பட்டினியும் போடாதீங்க, இட்லி, ரசஞ்சாதம், தயிர்சாதம், வாழைப்பழம் கேட்டா குடுங்க, தாய்ப்பால் குடிக்கிற குழந்தைன்னா அத நிறுத்தவே கூடாது.

இந்த பாக்கெட் எல்லாத்துக்கும் மருந்து இல்ல. கண்ணு உள்ள போயிருக்கு, அழுதா கண்ணீர் வரல, ஆறு எட்டு மணி நேரமா யூரின் இல்ல, மோஷன்ல ரத்தம், எழுப்பினா துவண்டு துவண்டு விழறா, ஸ்பூன்ல குடுத்தாலும் எதுவும் நிக்கல, இதுல எது ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு உக்காராம கிளம்பிடுங்க. ஊட்டியில 2025 ஏப்ரல்ல 700 படுக்கையோட புது அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திறந்திருக்காங்க, குன்னூர்ல அரசு லாலி ஆஸ்பத்திரி இருக்கு, வண்டி இல்லைன்னா 108. ஊட்டிக்கு வண்டியில போக இ-பாஸ் எடுக்க உக்காரும்போதே தங்கற இடத்துல இருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னும் ஒரு பார்வை பாத்துடுங்க. எங்களுக்கு ஆஸ்பத்திரி தேவைப்படல. மறுநாள் மதியம் பாப்பாவுக்கு யூரின் நல்லா போச்சு, வயித்துக்கு ரெண்டு இட்லி கேட்டா. பொட்டானிக்கல் கார்டன் பாக்காமயே ஊர் திரும்பினோம், அதுல எங்களுக்கு வருத்தமே இல்ல. வீட்டுக்கு வந்து பையனுக்கும் வந்துச்சு, அவனுக்கு லேசா போயிடுச்சு.

குறைன்னு சொன்னா, பாக்கெட் மேல எழுத்து ரொம்ப பொடி, அவசரத்துல ராத்திரி லைட்ல படிக்க முடியல. பெரிய பாக்கெட் கையால கிழிச்சா ஓரத்துல தெறிக்குது, கத்திரி வேணும். கார் டேஷ்போர்டுல வெயில்ல போட்டு வச்சா கட்டியாயிடுது, அப்படி ஆனத பயன்படுத்தாதீங்க, ஒரு ஜிப் கவர்ல போட்டு துணிப்பையில வைங்க. காசு பிரச்சனைன்னு யாரும் யோசிக்க வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்துல உப்பு சர்க்கரை கரைசல் பாக்கெட்டும் ஜிங்க் மாத்திரையும் இலவசமாவே குடுப்பாங்க, அதுவும் இதே ஃபார்முலாதான்.

எங்க வீட்ல இப்ப ட்ரிப் பையில நிரந்தரமா இருக்கிறது பத்து சின்ன பாக்கெட், ஜிங்க் சிரப், தெர்மாமீட்டர், டாக்டர் எழுதி குடுத்த காய்ச்சல் சிரப், 5 மில்லி ஸ்பூன், கோடு போட்ட அந்த பால் பாட்டில். சின்ன பாக்கெட் எல்லா மெடிக்கல்லயும் கிடைக்கிறதில்ல, கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கேட்டு வாங்கி வைங்க, எக்ஸ்பைரி தேதியும் பாத்துக்கோங்க. எலுமிச்சை சுவையில இதே ஃபார்முலால சின்ன பாக்கெட் யாராவது வாங்கியிருந்தா பேர் சொல்லுங்க, பையனுக்கு ஆரஞ்சு சுத்தமா ஒத்து வரல.