நூறு வார்டுக்கு 103 உறுப்பினர்கள்: ஒரு தேர்தல் முடிவுச் செயலி

உள்ளாட்சித் தேர்தல் முடிவுகளைக் கட்சிவாரியாகத் தருவதாக விளம்பரம் செய்த ஒரு கைப்பேசிச் செயலிக்கு ஓராண்டுச் சந்தா கட்டி, எங்கள் கோவை மாநகராட்சியை வைத்தே அதைச் சோதித்தேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளையும் அதிமுக கூட்டணி வென்றிருந்தது. பத்தே மாதங்களில், 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த மாநகராட்சித் தேர்தலில், 100 வார்டுகளில் 96 திமுக கூட்டணிக்குப் போயின.

கட்சிவாரிப் பட்டியலைத் திறந்தால் திமுக 76, காங்கிரஸ் 9, இரு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் தலா 4, மதிமுக 3 என்று வரிசை நேர்த்தியாகவே தொடங்குகிறது. அதன் கீழே கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி 2, மனிதநேய மக்கள் கட்சி 1, அதிமுக 3, எஸ்டிபிஐ 1. பேக்கரியில் டீ ஆறுவதற்குள் பில்லின் பின்புறத்தில் கூட்டிப் பார்த்தேன், 103 வந்தது. உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்ற தோழமைக் கட்சியினர் மூவரையும் சின்னத்தை வைத்துத் திமுக கணக்கில் ஒருமுறையும், கட்சியை வைத்து மறுமுறையும் சேர்த்திருக்கிறார்கள். சின்னப்படி 76, கட்சிப்படி 73; இரண்டில் எதை எடுத்தாலும் சரிதான், இரண்டையும் கலந்ததுதான் பிழை.

தேடல் வேகமானது, எழுத்துரு தெளிவானது. ஆனால் வார்டுகளுக்கு எண் மட்டுமே உண்டு, பகுதிப் பெயர் இல்லை. பீளமேட்டில் குடியிருப்பவர் தம் வார்டை எண் சொல்லியா தேடுவார்? 2021 சட்டமன்றத் தேர்தலில் அதிமுக கூட்டணியில் நின்று கோவை தெற்கை வென்ற பாஜக மாமன்றத்தில் ஓரிடமும் பெறவில்லை என்பது இந்தத் தேர்தலில் கவனிக்க வேண்டிய செய்தி. வென்ற கட்சிகளை மட்டுமே பட்டியலிடுவதால் செயலியில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

மேயர் பக்கம் இன்னும் பழையது. கவுன்சிலர்கள் 2022 மார்ச் 4 அன்று தேர்ந்தெடுத்த கல்பனா ஆனந்தகுமார், கோவையின் முதல் பெண் மேயர், 2024 ஜூலையில் பதவி விலகினார். அடுத்த மாதமே ரங்கநாயகி மேயரானார். செயலியிலோ கல்பனாவே பதவியில் நீடிக்கிறார்.

கூட்டல் பிழையைச் சுட்டிக்காட்டி எழுதியபோது, புகார் ஏற்கப்பட்டதாக உடனே பதில் வந்தது. மூன்று வாரங்கள் கழித்து நேற்றுப் பார்த்தேன். மாமன்றத்தில் இன்னும் 103 பேர் இருக்கிறார்கள்.